மூட மறுத்த வளையம்

என் மனைவி கலாராணி எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு உலை வைக்க மறப்பாள். கல்யாணமான புதிதில் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வரும், ஆனால் உலையை நானே வைத்துவிடுகிறேன்.

லுணுகலையில் மேசை, கதிரை செய்யும் றினாஸ் நானாவின் தளபாடக் கடையில், மரம் அறுக்கும் பட்டைவாள் மெஷின் ஓட்டுபவள் அவள்தான். பலகை அடுக்கப் போனவள், வேடிக்கை பார்த்துப் பார்த்தே மெஷின் முன்னால் போய் நின்றுவிட்டாள். எந்தப் புது வேலையானாலும் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் சுவிட்சைத் தொட மாட்டாள். நானா சிரிப்பார், தடுக்க மாட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி மதன் ஆட்டத்துக்குத் தப்பு அடிப்பவன் நான். இந்த மாசியில், கூத்து கிட்ட வந்த நேரம் பார்த்து, என் தப்பின் மரச்சட்டம் பிளந்துவிட்டது. புதுத் தப்பு இல்லையென்றால் நானும் கூட்டத்தோடு கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

"நான் செஞ்சு தாரேன்" என்றாள் கலா.

பழைய சட்டம் வளைந்த மரத்தில் செய்தது. அப்படி மரம் கிடைக்கவில்லை. கடையில் கழித்துப் போட்ட பலாக் கட்டைகளைப் பன்னிரண்டு துண்டாகச் சாய்த்து வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி வளையமாக்குவது அவள் யோசனை.

சாய்வு பிசகாமல் வெட்டுவதற்கு கேஜ் ஒன்று உண்டு. மெஷின் மேசைப் பள்ளத்தில் வழுக்கி ஓடும் இரும்புச் சட்டம், அதன் தலையில் பாகை எழுதிய அரைவட்டம். கலா முள்ளைப் பதினைந்தில் வைத்து இறுக்கினாள். இரும்புத் தலையில் ஒரு பலகையைத் திருகி, கட்டை வழுக்காமலிருக்க அதன் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினாள். எல்லாத் துண்டும் ஒரே நீளமாக வர ஓரத்தில் ஒரு நிறுத்தக் கட்டை. கை வாளுக்குக் கிட்டப் போகாமலிருக்க ஒரு பிடிப்பான்.

வெட்டிய துண்டுகளைத் தரையில் அடுக்கிக் கயிற்றால் இறுக்கினாள். கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது.

"ஆப்பு ஒண்ணு செதுக்கி அடைச்சுரு, போதும்" என்றேன்.

"நெருப்புல காய்ச்சுறப்ப ஆப்பு கழண்டா, கூத்துக்கு நடுவுல என்னங்க செய்வீங்க?"

மறுபடி பன்னிரண்டு வெட்டினாள். அதே விரல் இடைவெளி. கேஜ் பள்ளத்தில் ஆடுகிறதோ என்று சோடா டின் தகட்டை ஓரத்தில் செருகி, இன்னும் பன்னிரண்டு வெட்டினாள். அதே இடைவெளி. எனக்குத் தலை சுற்றியது. அவளுக்கோ முகமெல்லாம் சந்தோஷம்.

"பாருங்க, ஒவ்வொரு தடவையும் அச்சா அதே அளவுதான். கை பிசகுனா மாறி மாறி வரும். இது எங்கயோ ஒரே எடத்துல உக்காந்திருக்கு."

கூத்துக்கு நாள் நெருங்குகிறது, இவளுக்கு ஆராய்ச்சி. வாய்விட்டே திட்டினேன். காதில் போட்டுக்கொள்ளாமல் பலகைத் திருகுகளைக் கழற்றினாள். இரும்புத் தலையின் ஒரு ஓரத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனப் பொட்டு. வேலை தொடங்கிய அன்று பக்தியோடு தடிமனாக வைத்தவள், அதன் மேலேயே பலகையைத் திருகியிருக்கிறாள். பலகை ஒரு மயிரிழை சாய்ந்து, வெட்டுக்கு வெட்டு அந்தச் சாய்வு சேர்ந்து, கடைசியில் விரலாகிவிட்டது.

"சாமிக்கு வெச்சதா சதி பண்ணுச்சு?" என்று நான் சிரித்தேன். அவள் பொட்டை நகத்தால் சுரண்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, புதிதாக ஒன்றை மெஷின் கதவில் வைத்தாள்.

அடுத்த வளையம் மூடிக்கொண்டது. ஒரு தாள் நுழைய இடமில்லை. பசை தடவி ஒட்டி, அது காய்ந்ததும் அதே வாளில் வெளி மூலைகளை அறுத்து உருட்டையாக்கினாள். நான் ஊறிய தோலை இழுத்து ஒட்டினேன்.

கூத்துக்கு முந்தின நாள் தோல் நன்றாகக் காய்ந்திருந்தது. வாசலில் சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, ஓங்கி ஓர் அடி அடித்தேன். லயத்து வீட்டு வரிசையின் கோடிவரை கணீரென்று போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலா வளையத்தில் காதை வைத்துச் சுற்றிலும் கேட்டாள். பிறகு உள்ளே போய், கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த, கயிற்றால் கட்டிய முதல் வளையத்தைத் தூக்கி வந்தாள். விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

"இதுக்கும் ஒரு தோல் ஒட்டுங்களேன். எப்படிக் கேக்கும்னு பாப்போம்."

விடிந்தால் கூத்து. கோபம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. மீதித் தோலை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன்.