நட்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி

கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக் கம்ப்யூட்டரை நடத்தச் சொல்லிக்கொடுப்பது என் தொழில்; வகுப்புத் தொடங்கியதும் எல்லாருடைய மௌஸையும் வாங்கி அலுமாரியில் வைத்துவிடுவேன். கண்டியில் என்னைத் திட்டாதவர்கள் குறைவு. எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்று தெரியாமல் நீங்களும் முழித்திருந்தால், வாங்க, நம்ம கூட்டம்தான்.

ஒற்றைப் புள்ளி

செல்வராணி டீச்சர் புசல்லாவையிலிருந்து வருவார். பாடசாலைக் கம்ப்யூட்டர் அறையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போய், திரும்பத் தெரியாமல் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். "cd அடிச்சு, இடம் விட்டு, ரெண்டு புள்ளி வைங்க டீச்சர். ஒரு படி மேல வந்துடுவீங்க" என்றேன். வந்தார். முகம் தெளிந்தது. அடுத்த தடவை அவசரத்தில் ஒரு புள்ளிதான் விழுந்தது. எத்தனை தடவை தட்டியும் அசையவில்லை. ஒற்றைப் புள்ளி என்றால் இப்போது நிற்கிற இடம் என்று விளக்கினேன்.

"அப்ப அது எங்க புசல்லாவ பஸ்தான் மிஸ். ஏறி உக்காந்தாலும் நின்ன எடத்துலயேதான் நிக்கும்."

நட்சத்திரம்

மடவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரிஸ்வான் நானா எங்களிடம் படித்துப் போனவர். ஒரு காலை போனில் அழாத குறை. கல்யாணப் படங்களில் test என்று தொடங்கும் ஒத்திகைப் படங்களை மட்டும் அழிக்க நினைத்திருக்கிறார். rm test* என்று ஒட்டி அடிக்க வேண்டியதில், நட்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு 'எல்லாம்' என்று பொருள். எல்லாமே போயிற்று. கெமராக் கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே துடைத்திருந்தார். மணமகளின் வாப்பா நோயோடு கதிரையில் உட்கார்ந்து எடுத்த படம் அதில் இருந்தது. கல்யாணம் முடிந்த வாரமே அவர் மௌத்தாகிவிட்டார்.

"மெஷினை ஓஃப் பண்ணுங்க நானா, ஒண்டையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் பகல் முழுக்க ஓடவிட்டோம். பெயரிழந்து, வெறும் எண்களோடு படங்கள் திரும்பி வந்தன. சில பாதியோடு நின்றன. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் நேரம், மகளின் கையைப் பிடித்தபடி வாப்பா முழுசாகத் திரையில் வந்தார். நானா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இனி நான் ஸ்பேஸ் கட்டையத் தட்டுறதுக்கும் பிஸ்மி சொல்லித்தான் தட்டுவேன்."

அலைக்கோடு

கலஹாப் பக்கம் மண்சரிவில் மரியதாஸின் தோட்டத்து லய வீடு போய்விட்டது. அம்மாவோடு பேராதனையில், சித்தப்பா வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு வகுப்புக்கு வந்தார். நான் வழக்கம்போல, "cd அடிச்சு, இந்த ~ அலைக்கோட்டைப் போட்டா எந்த மூலையில நின்னாலும் நேரா உங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அடித்துப் பார்த்தார். திரையில், கம்ப்யூட்டர் 'வீடு' என்று வைத்திருக்கும், அவர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் நின்றது. என் சங்கடம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பரவாயில்ல மிஸ். என் பேர்ல ஒரு வீடு இங்கயாச்சும் இருக்கே."

கம்ப்யூட்டர் அடித்ததை மட்டும்தான் செய்யும், வகுப்புக்கு வருகிறவர்கள் அப்படி இல்லை என்பதால்தான் இந்தத் தொழில் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.