பதில் வராத பந்தயம்

நான் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியன், வீடு சரவணம்பட்டியில். ஆன்லைன் கிரிக்கெட் பந்தயத் தளம் ஒன்றில் ஏபிஐ என்னும் மென்பொருள் இணைப்பு வழியாகத் தானாகவே பணம் கட்டும் புரோகிராம் எழுதினேன். அதில் போட்டது, மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம்.

ஒரு ஆட்டத்தின் நடுவே இணையம் தடுமாறியது. தளத்திலிருந்து பதில் வராததால், பந்தயம் பதிவாகவில்லை என்று கணக்கிட்டு, புரோகிராம் அதே பந்தயத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியது. நான் நிறுத்துவதற்குள் மொத்தப் பணமும் ஒரே அணியின் மேல் ஏறிவிட்டது. அந்த அணியோ தோற்றுக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, இப்படி வேர்க்குது?” என்றாள் மனைவி.

“புழுக்கம், அம்மணி.”

மைதானத்தில் மழை கொட்டி ஆட்டம் கைவிடப்பட்டது. பந்தயங்கள் ரத்தாகிப் பணம் திரும்பியது. அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கால்வலி எனக்கு, வெளையாட்டு உங்களுக்குங்களா?” என்றாள்.

புரோகிராமை அழித்துவிட்டேன். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு இப்போது அவளிடம். பால்காரருக்குப் பணம் அனுப்பக்கூட அவளைத்தான் கேட்கிறேன்.