மேலடுக்கில் இருந்த ஐந்து வீரர்கள்

பழைய விளையாட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் அந்தக் கடையில் அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் படை நிறுத்தி ஆடும் ஆட்டத்துக்கான சுண்டுவிரல் உயர பொம்மை வீரர்கள் அங்கே பெட்டி பெட்டியாக வரும். கை, தலை, வாள் எல்லாம் தனித்தனியாக வாங்கி, யாரோ வீட்டில் உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்தவை. எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. முதல் தரம் என்றால் படை முழுசாக அலமாரிக்குப் போகும். மூன்றாம் தரம் என்றால் பின்னறைக்கு. அங்கே கை வேறு கால் வேறாகப் பிய்த்து உதிரிப் பாகமாக்கிவிடுவார்கள்.

ஆள் கறார். "இவன்கிட்ட கல்யாண ஆல்பத்தைக் காட்டினாக்கூட மாப்பிள்ளை தலை கோணல், மூணாம் தரம்னுதான் சொல்வான்" என்பார் முதலாளி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய அண்ணன், தான் முதன்முதலாக ஒட்டிய குதிரை வீரன் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"என்னண்ணே, பசையைக் குடம் குடமா ஊத்தியிருக்க? மூணாம் தரம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. பேச்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் யாராவது சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். நல்லா இருக்கியா, இருக்கேன் என்றே காலம் ஓடியது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அதே கேள்வி, அதே பதில்.

அண்ணன் போய் நாலாவது மாதம், அண்ணி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து வரிசையில் நின்றார்.

"நேரா உள்ள வந்திருக்கலாமே, அண்ணி?"

"இத்தனை பேர் நிக்கறாங்க. நான் மட்டும் எப்படிப் புகுந்து வர்றது?" பெட்டியை மேசைமேல் வைத்தார். "சின்ன வீட்டுக்கு மாறுறேன் தம்பி. வைக்க இடமில்ல, அதான் விக்கிறேன். ஆனா பிரிக்கக் கூடாது. அவர் ஒட்டின எழுபது பேரும் சேர்ந்தே ஒரு வீட்டுக்குப் போகணும்."

"அது என் கையில இல்ல. தரத்தைப் பொறுத்தது."

"தரம் உங்க கையிலதானே இருக்கு?"

அவர் பெட்டியைத் திறந்தார். ஐம்பதுக்கு மேல் இருந்தால் மேலிருந்து ஐந்தை எடுத்துப் பார்த்து, அதையே மொத்தத்துக்கும் எழுதிவிடுவது அவர் வழக்கம். ஒன்றின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இன்னொன்றின் கேடயம் மணிக்கட்டில் தொங்கியது. மார்பில் வழிந்த பசையில் விரல்ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஐந்தாவதின் தோளில், எல்லாப் பொம்மைக்கும் செய்வதுபோல், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கை கழன்று மேசையில் விழுந்தது.

"அண்ணன் கடைசிவரைக்கும் மாறவே இல்ல போங்க" என்றார், கொஞ்சம் சிரித்தபடி. சீட்டில் மூன்று என்று எழுதினார்.

அண்ணி அந்தக் கையைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"மேல இருக்கறதெல்லாம் படுக்கையில விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒட்டினது. கை நடுங்கும். ஒரு வாளை ஒட்ட ஒரு பகல் போயிடும். நான் பிடிச்சுக்கறேன்னா விடமாட்டார்." பெட்டியைக் காட்டி, "கீழ பாருங்க" என்றார்.

அவர் அடுக்குகளுக்கு நடுவே விரித்திருந்த ஸ்பாஞ்சைத் தூக்கினார். கீழே அறுபத்தைந்து பேர். ஒன்றை எடுத்துத் தோளில் நகத்தால் தடவினார். இணைப்பு எங்கே இருக்கிறதென்று நகத்துக்குத் தெரியவில்லை. அச்சில் வார்க்கும்போது விழும் கோடுகளைச் சுரண்டி எடுத்திருந்த இடமும் தெரியவில்லை. கொடி பிடிப்பவனின் விரல்களை ஒவ்வொன்றாக அறுத்துத் திருப்பி, கம்பைச் சுற்றி ஒட்டியிருந்தது. குறை தேடினார். மனசாரத் தேடினார். ஒன்றாவது கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"முதல் தரம்" என்றார். மறுபடியும் சொன்னார். "முதல் தரம், அண்ணி. இப்படி ஒரு ஒட்டு நான் பார்த்ததே இல்ல."

"இப்ப யார்கிட்ட சொல்றீங்க?"

அவர் சீட்டைத் திருப்பி வைத்தார். "மேல இருந்த அஞ்சை மட்டும் தனியா எடுத்துட்டா, மிச்சம் அப்படியே அலமாரிக்குப் போயிடும். ஒண்ணு மோசமா இருந்தாலும் மொத்தத்துக்கும் அந்தத் தரம்தான் போடணும். நானே வெச்ச சட்டம்."

"அப்ப அந்த அஞ்சு?"

பின்னறையில் பிளாஸ்டிக் முறியும் சத்தம் கேட்டது. அண்ணி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வீரர்களை ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் படுக்கவைக்கத் தொடங்கினார்.

"அந்தக் கையையாவது ஒட்டித் தரேன்."

"நீங்க தொடாதீங்க தம்பி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எங்க வைப்பீங்க இதை?"

"கட்டிலுக்கு அடியில."

இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், கதவைத் தள்ள முடியாமல் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்த அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் வரிசையில் நின்ற யாரோ ஒருவர் கதவைத் திறந்து பிடித்தார். அண்ணி அந்த ஆளைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்.