முதல் லோடு

மழை விழுந்தால் எங்கள் வாசலிலிருந்து கருகிய வாடை கிளம்பும். இன்று காலையிலும் கிளம்பியது.

இரண்டாயிரங்களில், நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், பாகலூர் ரோட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி வந்தது. வார்ப்புக்குப் பயன்படுத்திக் கழித்த கறுப்பு மணலை லாரியில் கொண்டுவந்து ஊருக்குச் சும்மா கொட்டினார்கள். பள்ளத்தை மேடாக்க அதற்கு அடிதடி. அப்பா டிரைவருக்கு ஒரு கூடை தக்காளி கொடுத்து, முதல் லோடை எங்கள் வாசலுக்குத் திருப்பிவிட்டார்.

"கெணத்தோரமும் போட்டுக்கலாம். சும்மாதானே குடுக்கறாங்க?"

அம்மா ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். "அவ்ளோ நல்ல மண்ணுன்னா அவங்களே வெச்சுக்க வேண்டியதுதானே?"

அப்பா காதில் வாங்கவில்லை. லோடு கிடைக்காத பக்கத்து வீட்டு முனியப்பா எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மழைக்குக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து எங்களுக்குக் கேன் தண்ணீர்தான். அந்த மணலில் வார்த்த இரும்பெல்லாம் துறைமுகத்துக்குப் போனது. நாடு வளர்கிறது என்றார்கள். மணல் எங்கள் பங்கு.

இன்று மழை விட்டதும் தெருமுனையில் லாரிச் சத்தம். பக்கத்தில் இன்னொரு கம்பெனி வந்திருக்கிறது. முனியப்பா தள்ளாத வயதில் தக்காளிக் கூடையோடு ஓடினார்.

"இந்த வாட்டி மொத லோடு எனக்குத்தான்."