கிள்ளானுக்குப் பத்து மைல், ஒரு காலிப் போத்தல்

காலையில் முதல் வேலையாகப் போத்தலை மோந்து பார்த்தேன். நான்கு முறை சாம்பல் போட்டுக் கழுவியும் நல்லெண்ணெய் வாடை போகவில்லை. போத்தல் இல்லாமல் போனால் கிள்ளானில் தண்ணீர் மருந்து கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள்.

இது 1943, மலாயா ஜப்பான்காரர் கையில். தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த டிரஸ்ஸர் போன பிறகு மருந்துக்குப் பத்து மைல் போக வேண்டும். பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். எழுந்து உட்காரவே தெம்பில்லை. மரவள்ளி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் அவள் படுக்க இடமும் இல்லை. ஆளைப் பார்க்காமல் மருந்து தரமாட்டார்களாம். ஆகவே அவள் காய்ச்சலை என் காய்ச்சலாகச் சொல்லி வாங்கி வரப் புறப்பட்டேன்.

கிளம்பியது, கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளிய ஜப்பான் மணியில் ஆறரை. சேவலுக்கு இன்னும் ஐந்துதான். வண்டிக்கூலி ஐந்து வெள்ளி. வழியில் ஜப்பான் காவல் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க வேண்டும். வண்டிக்கார மாரியண்ணன் இரண்டு முறை கூடுதலாகக் குனிந்தார்.

"மாடுங்களுக்கும் சேர்த்துதான் டீச்சரம்மா. அதுங்களுக்கு மரியாத தெரியாது லா."

பத்தே முக்காலுக்கு மருந்தகம். அங்கிருந்த டிரஸ்ஸர் முன்னால் நன்றாகவே நடுங்கினேன். அவர் மலேரியாவுக்கான கொய்னாத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

"இங்கயே குடிங்க."

"சாப்பிட்டுட்டு வீட்டுல குடிக்கிறேனே. போத்தல் கொண்டாந்திருக்கேன்."

"காய்ச்சல் உங்களுக்கு, மருந்து மட்டும் போத்தலுக்கா? வெளிய கொடுத்தா பாசார்ல விக்குறாங்க. குடிங்க."

குடித்தேன். அந்தக் கசப்பில் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "பொய்க்கு நல்லாத்தான் நடுங்குனீங்க. அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க. பின்னாடி கொட்டாயில மூணு நாள் படுக்கட்டும், நானே குடிக்க வைக்கிறேன். ரொம்ப நாள் தள்ளாதீங்க."

திரும்பும் வழியெல்லாம் கொய்னாவால் காதுக்குள் வண்டு ரீங்காரம். மாரியண்ணன் கேட்டது எதுவும் விழவில்லை. நோயில்லாத எனக்கு மருந்து, அஞ்சலைக்குக் காலிப் போத்தல். படித்த புத்தி இவ்வளவுதானா என்று பத்து மைலும் யோசித்தேன்.

நீங்கள் போவதானால் போத்தலை விட்டுவிடுங்கள், நோயாளியைக் கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஜப்பான் மணி பன்னிரண்டுக்குக் கதவடைத்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை மாரியண்ணன் மறுபடி மூட்டை ஏற்றுகிறார். பள்ளிக்கூடக் கரும்பலகை ஆறடி நீளம். மூட்டைகளின் மேல் போட்டால் ஓர் ஆள் படுக்கலாம். வெள்ளிக்கிழமை பள்ளியைச் சோதிக்க வரும் ஜப்பான் அதிகாரிக்காக அதில் ஜப்பானிய எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அஞ்சலையின் முதுகு அவற்றை அழித்துவிடும். வியாழன் விடியுமுன் பலகையைக் கழற்றப் போகிறேன். அஞ்சலையிடம்கூட இன்னும் சொல்லவில்லை.