உடைமாற்றும் அறையின் டேப் உருண்டை

இன்று காலை மனைவி யன்னலைத் திறந்தபோது, யன்னல் விளிம்பில் இருந்த அந்த உருண்டை கீழே விழுந்தது. விழுந்து, உருண்டு, சோபாவுக்கும் சின்ன மேசைக்கும் நடுவே போய் நின்றது. ஒரு சின்னப் பனங்காய் அளவு இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக இருந்து, இப்போது தூசி ஏறிச் சாம்பல் நிறமாகிப்போன டேப் உருண்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும் முதலில் மூக்கைச் சுருக்குவார்கள். பிறகு மரியாதைக்காக, இது ஏதாவது கலைப்பொருளா என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள், "அது இவரின்ரை உலகக் கோப்பை" என்று மனைவி சொல்லிவிடுவாள். உலகக் கோப்பை இப்போது தரையில் கிடக்கிறது. எனக்கு முதுகு வலி, அவளுக்கு முழங்கால் வலி. நான் பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கிறேன், அவள் யன்னல் சீலையைச் சரிசெய்வதுபோல நிற்கிறாள். யார் முதலில் குனிவது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படித் தரையைப் பார்த்தபடி மூன்று கிழமை காத்திருந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் நெடுங்காலம் தைத்துக்கொண்டிருந்தவன் நான். அதை மூடியபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேலை தேடிக் கொடுக்கும் கந்தோரில் இருந்த பெண் என் கோப்பை இரண்டு தரம் புரட்டிவிட்டு, கொஞ்சத் தூரத்தில் ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகம் இருக்கிறது, கிழிந்த சட்டை தைக்க ஆள் கேட்கிறார்கள் என்றாள். வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கக்கூட இல்லை. "மழைக்குள்ளையே வழுக்கி விழுற ஆள் நீங்கள். ஐஸிலை போய் என்ன செய்யப்போறியள்?" என்று மட்டும் கேட்டாள். அவள் சொன்னது சரிதான். முதல் நாளே, வெளிக் கதவு என்று நினைத்துத் திறந்த கதவால் நேரே ஐஸில் கால் வைத்து, மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தேன். மிக அழகான கூரை. அந்தக் கழகத்தில் ஐஸில் நிற்கத் தெரியாத ஒரே ஆளாகவே கடைசிவரை இருந்தேன். ஆனால் சட்டை தைப்பதோடு, ஐஸில் ஓடுகிறவர்களின் சப்பாத்துக்கு அடியில் இருக்கும் இரும்பு அலகுகளைத் தீட்டும் வேலையும் போகப்போக எனக்கே வந்து சேர்ந்தது.

காலை நேரத்தில் அந்த மண்டபம் ஒரு கனவு மாதிரி இருக்கும். பாதி விளக்குகள்தான் எரியும். ஐஸுக்கு மேலே இடுப்பு உயரத்துக்கு ஒரு மெல்லிய பனிப்புகார் அசையாமல் கிடக்கும். முதல் ஆள் இறங்கி ஓடத் தொடங்கும்போது, பெரிய கத்தரிக்கோலால் பட்டுத்துணியை நீளமாக வெட்டிக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அதற்காகவே நான் ஒரு ரயில் முந்திப் போவேன். அந்தப் புகாருக்குள் ஓடுகிறவர்களுக்குக் கால் இருக்காது. இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போவார்கள். அவ்வளவு அழகாக மிதந்தவர்கள் பின்னேரம் விளையாடும்போது ஏன் அப்படித் தோற்றார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. அட்டவணையில் நாங்கள் கடைசி. போன வருடமும் கடைசி. சனம் விளையாட்டைப் பார்க்க வந்ததோ, இடைவேளையில் விற்கும் சொசேஜுக்கு வந்ததோ என்று சொல்லமுடியாது.

அந்த நிலையில்தான் பயிற்சியாளர் வந்தார். சுவீடன்காரர். விழுந்துபோன அணிகளைத் தூக்கி நிறுத்துவதுதான் அவருடைய தொழில் என்றார்கள். ஓர் இடத்துக்குப் போவார், நிமிர்த்துவார், பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். பெரிய உருவம், சின்னக் குரல். அவருடைய சுவீடிஷையும் என்னுடைய டேனிஷையும் எங்கள் இருவரைத் தவிர வேறு யாராலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இப்போது என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். அது அவருடைய பிழை அல்ல.

நிர்வாகத்தின் நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் எட்டு இடத்துக்குள் வந்து இறுதிச்சுற்றுக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் மாசியோடு பயிற்சியாளர் வீட்டுக்கு, அடுத்த வருடம் சம்பளத்துக்கு விளையாடும் அணியே கிடையாது. அணி இல்லாவிட்டால் தைக்கச் சட்டையும் இல்லை, தீட்ட அலகும் இல்லை. அந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்?

புதிய ஆட்களை வாங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வாங்கியது ஒரு பொட்டலம் ஆணி. உடைமாற்றும் அறையில் டேனிஷ்காரர் ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரர் மறுபக்கம் என்று இருந்த பெயர்ப் பலகைகளைக் கழற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி அடித்தார். ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைக் கிழமைக் கணக்காகக் கண்ணிலேயே காட்டாமல் ஓடவிட்டார். அணித்தலைவன் முகம் சிவந்து என்னிடம் வந்து, "இந்த ஆள் எங்களை மரதன் ஓட்டத்துக்குப் பழக்கிறாரோ?" என்று கேட்டான். எனக்கு, ஐஸுக்கு வெளியே பறந்து விழும் வட்டுகளைப் பொறுக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. அதனால் பயிற்சியாளர் ஒரு மேதை என்று பதில் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவர் அறை மூலையில் இருந்து, நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹொக்கிக்காரர் காலுறை நழுவாமல் இருக்க டேப்பால் சுற்றிக் கட்டுவார்கள். விளையாட்டு முடிந்ததும் அதைக் கிழித்து, உருட்டி, கீழே எறிவார்கள். குப்பைக் கூடை இரண்டடி தூரத்தில் இருந்தாலும் தரையில்தான். அது அவர்கள் பரம்பரைப் பழக்கம். அதைப் பொறுக்குவது என் தினசரிப் பழக்கம்.

"நாளையிலிருந்து இதை எடுக்கவேண்டாம்" என்றார்.

நான் பயந்துபோனேன். வேலையைக் குறைப்பது எதில் போய் முடியும் என்று தொழிற்சாலையில் கண்டவன் நான். அது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நல்லா ஓடுறவன் ஆர் எண்டு எனக்குத் தெரியும். குனியிறவன் ஆர் எண்டுதான் தெரியாது. ஒருத்தன் குனியட்டும். அதுக்குப் பிறகு நான் ஹொக்கி பழக்கிறன்."

காத்திருந்தார். முதல் கிழமை டேப் அங்கங்கே கிடந்தது. இரண்டாம் கிழமை கால் வைக்கும் இடமெல்லாம் ஒட்டியது. மூன்றாம் கிழமை ஆட்கள் அதை விலத்தி, கொக்கு நடப்பதுபோல நடந்தார்கள். ஒருவரும் குனியவில்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் வந்து தரையைப் பார்ப்பார், திரும்பிப் போவார். எனக்கோ கை துருதுருத்தது. கூட்டாத வீட்டுக்குள் இருப்பதுபோல உடம்பெல்லாம் ஒரு கூச்சம். வீட்டுக்கு வந்து, மனைவி சமையல் முடித்து ஏற்கனவே துப்புரவாக்கியிருந்த குசினியைத் திரும்பக் கூட்டினேன். "உங்களுக்கு என்னப்பா நடந்தது?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அது சந்தோசம்தான் என்று நினைக்கிறேன்.

இனி வருவது என் பிழை. வைலே நகரில் இருக்கும் மனைவியின் தமையன் குடும்பத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது. நான் தைக்காவிட்டால் அணி ஐஸில் இறங்காது என்ற மாதிரி அவருக்கு டெலிபோனில் நிறையக் கதைத்திருந்தேன். ஆட்டத்துக்கு முதல் உடைமாற்றும் அறையையும் சுற்றிக் காட்டுகிறேன் என்று வேறு சொல்லிவிட்டேன். வெள்ளி மத்தியானம், காலைப் பயிற்சி முடித்து எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கப் போயிருந்த நேரம், அறை வாசலில் நின்று பார்த்தேன். மச்சான் தன் பளபளக்கும் சப்பாத்தோடு இந்தக் குப்பைக்குள் நின்று, "ஓ, இதுதானோ உம்மடை வேலை?" என்று கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆட்கள் வரும்போது வீட்டைக் கூட்டாமல் விட எந்த யாழ்ப்பாணத்தானால் முடியும்? பயிற்சியாளர் சொன்னது மறந்துபோயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். ஞாபகம் இருந்தது. இருந்தும் குனிந்தேன்.

ஒரு மணித்தியாலம் பொறுக்கினேன். கூடையில் போட்டால் பிடிபட்டுவிடும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி உருட்டிக்கொண்டே போய், அலகு தீட்டும் மெசினுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. அந்த மனிதர் மூன்று கிழமையாகக் கட்டிக்கொண்டிருந்ததை ஒரு மணித்தியாலத்தில் கூட்டித் தள்ளிவிட்டேன். திரும்பவும் கொட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். உருண்டை பிரியவில்லை.

பின்னேரம் பயிற்சியாளர் வந்தார். வாசலில் நின்றார். வெகுநேரம் தரையைப் பார்த்தார். அந்தப் பெரிய முகம் மெல்ல மெல்ல வெளிச்சமானதை நான் சட்டைகளுக்குப் பின்னால் நின்று கண்டேன். விளையாட்டுக்காரர் எல்லோரும் வந்து அமர்ந்த பிறகு, அவர் ஆர் செய்தது என்று கேட்கவில்லை. "இண்டைக்குத்தான் இந்த அறைக்குள்ளை ஒரு அணி இருக்குது" என்று மட்டும் சொன்னார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவன்தான் செய்திருக்கிறான் என்று ஒவ்வொருவனும் நினைத்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அணித்தலைவன் தன் சப்பாத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஊசியில் நூல் கோத்தேன்.

அன்றும் தோற்றார்கள். மச்சான் திரும்பிப் போகும்போது, "அறை நல்ல துப்புரவு. நீர் விளையாடியிருந்தாலும் இவ்வளவுதான் தோத்திருப்பினம்" என்றார். ஆனால் அவர் காணாத ஒன்றை நான் கண்டேன். ஆட்டம் முடிந்து டேப்பைக் கிழித்த அணித்தலைவன் வழக்கம்போல எறியக் கையை ஓங்கினான். கை பாதியில் நின்றது. எழும்பிப் போய்க் கூடையில் போட்டான். திரும்பி வரும் வழியில், பக்கத்து ஆளுடையதையும் குனிந்து எடுத்தான். அதற்குப் பிறகு அந்தத் தரையில் ஒரு துண்டு டேப்பையும் நான் காணவில்லை.

மறுநாள் பயிற்சியாளர் வட்டுகளை வெளியே எடுத்தார். ஒருவன் விட்ட இடத்துக்கு அடுத்தவன் ஓடிப் போவதையே திரும்பத் திரும்பப் பழக்கினார். முதலில் ஒரு வெற்றி, பிறகு இரண்டு தோல்வி, பிறகு தொடர்ச்சியாக வெற்றிகள். வயல்கள் வெள்ளையாக உறைந்துகிடந்த அந்த மாதங்களை நான் ரயில் யன்னலால்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். பனிப்புகாருக்குள் எல்லாம் மிதந்தன, நாங்களும் அட்டவணையில் மிதந்து மிதந்து மேலே வந்தோம். சனம் சொசேஜை ஆறவிட்டு விளையாட்டைப் பார்த்தது. நான் மட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் கொஞ்சம் கூடப் பயந்தேன். வீடு உயர உயர, அத்திவாரத்தில் என் பொய் கிடப்பது எனக்கு மட்டும் தெரியும். உண்மை வெளிவந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று உருண்டையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் எட்டாம் இடம். வென்றார்கள். அணித்தலைவன் என்னைத் தூக்கிக்கொண்டு ஐஸுக்குப் போனான். இறக்கிவிட்டதும் விழுந்தேன். அதே கூரை. இறுதிச்சுற்றில் முதல் எதிரியே எங்களை வீட்டுக்கு அனுப்பினான். ஆனால் அணி தப்பியது, என் வேலையும் தப்பியது.

வசந்தத்தில் பயிற்சியாளர் பெட்டி கட்டினார். வேறு எங்கோ ஓர் அணி விழுந்து கிடந்தது. விடைபெற என் அறைக்கு வந்தபோது, என்னால் தாங்க முடியவில்லை. மெசினுக்குக் கீழிருந்து உருண்டையை இழுத்து மேசையில் வைத்து, மச்சான், வெள்ளிக்கிழமை, வெட்கம் எல்லாவற்றையும் என் உடைந்த டேனிஷில் கொட்டினேன். அவர்கள் ஒருவரும் குனியவில்லை, நான்தான் கூட்டினேன், உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றேன்.

உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உருண்டையைக் கையில் எடுத்து, பாரம் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"நான் என்ன சொன்னனான்? ஒருத்தன் குனியட்டும் எண்டுதானே. ஒருத்தன் குனிஞ்சிருக்கிறான்."

நான் விளையாட்டுக்காரன் இல்லையே என்றேன்.

"ஓம். அங்கைதான் நான் பிழை விட்டனான். உம்மை எண்ணாமல் விட்டிட்டன்."

தன் பெட்டியின் கைப்பிடியில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, உருண்டையில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தி, என் கையில் தந்துவிட்டுப் போனார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அணி சில வருடம் மேலே, சில வருடம் கீழே. போன முறை பார்வையாளனாகப் போனபோது உடைமாற்றும் அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன், தரையை மட்டும். எல்லாம் புது முகங்கள். பயிற்சியாளரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தரை சுத்தமாக இருந்தது.

பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடுவதுபோல நான் படுக்கையறைக்குப் போனேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தரையில் ஒன்றும் இல்லை. உருண்டை யன்னல் விளிம்பில் தன் பழைய இடத்தில் இருந்தது, அந்த வெள்ளைத் துண்டு வெளிச்சம் பட வெளிப்பக்கம் பார்த்தபடி. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், நான் எடுக்கவில்லை. ஆனாலும் ஆர் எடுத்தது என்று கேட்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, அவருடைய சின்னக் குரலில் சொன்னேன்.

"இண்டைக்குத்தான் இந்த வீட்டுக்குள்ளை ஒரு அணி இருக்குது."

"அணியும் மண்ணாங்கட்டியும். வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."