கண்ணாடிக் குடிலும் அதன் முதல் விருந்தாளியும்

காட்டுமாட்டுக்குத் தானியங்கிக் கதவு வைத்துக் கொடுத்தவன் நான். இதை யாரிடம் சொன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயமுத்தூரில் ஒரு கட்டடப் பொறியியல் கம்பெனியில் துணைத் தலைவர் வேலை. ஷாப்பிங் மாலோ ஆஸ்பத்திரியோ, எது எழும்பினாலும் அதன் ஏசி, லிஃப்ட், கதவு எல்லாம் எங்கள் பொறுப்பு. குளிரவில்லை என்பவரும் குளிர்கிறது என்பவரும் ஒரே மாடியில் இருப்பார்கள். அதை மறக்க வாரக் கடைசியில் குன்னூர் வீடு, பிகோனியாப் பூச்செடித் தொட்டிகள். அலமாரி நிறையக் கம்பெனிக் கேடயங்கள் உண்டு. எல்லாம் எனக்குக் கீழே இருந்தவர்கள் உழைத்தது. சொந்தக் கையால் மண் பிசைந்து ஒரு பரிசாவது வாங்கிவிட வேண்டுமென்று வீட்டுத் தோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் காட்டுமாடுகள் வீட்டு வரி கட்டியவை போல நடமாடும். அக்கம்பக்கத்தார் வேலியில் பழைய தகரம் கட்டினார்கள். நான் செடிகளுக்குக் கண்ணாடிக் குடில் கட்டினேன். இரண்டு கையிலும் தொட்டி இருக்கும்போது கதவை யார் திறப்பது? சென்சார் வைத்தேன். எதிரே ஆள் வந்தால் கதவு விலகும். ஒரு பெண்குரல் "வணக்கம், வாங்க" என்று வரவேற்கும். ஆள் என்றால் என்னவென்று சென்சாருக்கு நான் சொல்லித்தரவில்லை.

நடுவர்கள் வரவேண்டிய காலை. காபியோடு நிற்கிறேன். "வணக்கம், வாங்க" என்றது குரல். ஒரு காட்டுமாடு, அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்டதுபோல, உள்ளே போயிற்று.

ஓடினேன், பாதியில் நின்றேன். கிட்டப் போனால் கதவு திறந்து அது என்மேல் வரும். போகாவிட்டால் பிகோனியா காலி. அதுவோ மெல்லும்போதெல்லாம் தலையை ஆட்ட, கதவு திறந்து திறந்து வணக்கம் சொல்லிற்று.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டம்மா தலை நீட்டினார். "ஏனுங்க சார், விருந்தாளிய உள்ளார உட்டுப்போட்டு நீங்க வெளிய நிக்கறீங்க?"

"காட்டுமாடுங்க!"

"அது தெரியுதுங்க. மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட, வாங்கன்னு கூப்புடறத நிறுத்தச் சொல்லுங்க."

கடைசித் தொட்டியையும் முடித்துவிட்டு அது நிதானமாக வெளியேறியது. பின்னாலேயே நடுவர்கள் வந்தார்கள். மொட்டைத் தண்டுகளைப் பார்த்து, "இது என்ன செடிங்க?" என்றார் ஒருவர். மற்றவர் கதவை மட்டும் நாலைந்து முறை திறக்கவைத்துப் பார்த்து மகிழ்ந்தார். கதவுக்குப் பரிசு இல்லையாம்.

சாயங்காலம் தொட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இத்தன வருஷத்துல நீங்க கட்டுன கட்டடத்துல, ஒரு குறையும் சொல்லாம வெளிய போனது அந்த மாடு ஒண்ணுதானுங்க."